உங்களுக்குத் தெரியுமா? நரம்பையும் இதயத்தையும் அடக்கும் பொட்டாசியம் கதவு

★ மழை பிடித்துக்கொண்டால் கம்பளைக்காரர்களின் காது செய்திப் பக்கமே இருக்கும். கொத்மலை நீர்த்தேக்கத்தின் வான்கதவு திறந்தால் மகாவலி எவ்வளவு ஏறும் என்பதுதான் கவலை. நம் உடம்பின் ஒவ்வொரு நரம்புக் கலத்தின் சவ்விலும் இப்படி ஆயிரக்கணக்கான வான்கதவுகள் உண்டு. அவை திறப்பது பொட்டாசியத்தை வெளியே விட. கொத்மலையில் கதவைத் திறக்க யாராவது முடிவெடுக்க வேண்டும். கலத்தில் அது தேவையில்லை; சவ்வின் மின்னழுத்தம் மாறியதுமே கதவு தானாகத் திறக்கும். இவற்றுக்கு 'மின்னழுத்தத்தால் திறக்கும் பொட்டாசியம் கால்வாய்கள்' என்று பெயர். மனிதரிடம் இவற்றை உண்டாக்கும் மரபணுக்கள் மட்டும் 40.

★ ஓய்வாக இருக்கும் நரம்புக் கலத்தின் உட்புறம், வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் மறையாக இருக்கும். உள்ளே பொட்டாசியம் வெளியே இருப்பதைப்போல் சுமார் முப்பது மடங்கு. தூண்டல் வந்ததும் முதலில் சோடியம் கால்வாய்கள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய, மின்னழுத்தம் நேர்ப்பக்கம் எகிறுகிறது. நரம்பு அனுப்பும் செய்தி என்பது இந்த எகிறல்தான். பொட்டாசியம் கால்வாய்கள் விநாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே பிந்தித் திறக்கின்றன. பொட்டாசியம் வெளியேற, மின்னழுத்தம் பழைய மறைநிலைக்கு இறங்கி, அதையும் சற்றுத் தாண்டிப்போய் நிற்கிறது. அந்தச் சிறு பிந்தல் இல்லாவிட்டால் செய்தி பிறக்கும்போதே அணைந்துவிடும். கதவு திறக்காமலே போனால் செய்தி முடியாமல் நீளும். பாடப்புத்தகங்களில் சோடியத்துக்குக் கிடைக்கும் இடத்தில் பாதிகூடப் பொட்டாசியத்துக்குக் கிடைப்பதில்லை. அது நியாயமில்லை. தொடங்கிய செய்தியை உரிய நேரத்தில் முடித்து, அடுத்த செய்திக்கு நரம்பைத் தயாராக்குவது பொட்டாசியம்தான்.

★ 70 மில்லிவோல்ட் என்றால் டோர்ச் பற்றரியில் இருபதில் ஒரு பங்குகூட இல்லையே, அது எப்படிக் கதவைத் திறக்கும்? கலச்சவ்வின் தடிப்பைப் பார்த்தால் விடை கிடைக்கும். அது ஏறத்தாழ 5 நனோமீற்றர்தான். அவ்வளவு சிறிய இடைவெளியில் 70 மில்லிவோல்ட் விழும்போது, மீற்றருக்கு ஒரு கோடி வோல்ட்டுக்கும் மேலான மின்புலம் உண்டாகிறது. கால்வாய்ப் புரதத்தின் 'எஸ்4' என்ற துண்டில் மூன்றுக்கு ஒன்றாக ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் அடுக்கப்பட்டிருக்கிறது. ஆர்ஜினினுக்கு நேர் ஏற்றம். உட்புறம் மறையாக இருக்கும்வரை இந்தத் துண்டு உள்நோக்கி இழுபட்டுக் கிடக்கும்; மின்னழுத்தம் மாறியதும் வெளிநோக்கி நகரும். அந்த நகர்வுதான் துவாரத்தைத் திறந்துவிடுகிறது.

★ சோடியம் அயன் பொட்டாசியம் அயனைவிடச் சிறியது. ஆனால் இந்தத் துவாரத்தில் பெரிய பொட்டாசியம் போகும், சிறிய சோடியம் போகாது. பல ஆண்டுகள் ஆய்வாளர்களைக் குழப்பிய புதிர் இது. 1998இல் மண்ணில் வாழும் ஒரு பக்டீரியாவின் பொட்டாசியம் கால்வாயைப் பளிங்காக்கி, எக்ஸ்-கதிரால் அதன் வடிவத்தைக் கண்டார் அமெரிக்காவின் ரொடெரிக் மக்கினன். அயன்கள் எப்போதும் நீர் மூலக்கூறுகள் சூழத்தான் திரியும். துவாரத்துக்குள் நுழைய அந்த நீரைக் கழற்ற வேண்டும். துவாரத்தின் சுவரில் ஒட்சிசன் அணுக்கள் பொட்டாசியத்துக்குச் சரியான தூரத்தில் நிற்பதால், இழந்த நீரின் இடத்தை அவை நிரப்பிவிடுகின்றன. சோடியம் சிறியதாக இருப்பதால் அந்த அணுக்கள் அதற்கு எட்டுவதில்லை. நீரைக் கழற்றுவது அதற்கு நட்டம். ஆகவே அது வெளியிலேயே நின்றுவிடுகிறது. இவ்வளவு கெடுபிடி இருந்தும் வேகம் குறைவதில்லை. வேகமான பொட்டாசியம் கால்வாய்கள் விநாடிக்கு 10 கோடி அயன்கள் வரை கடத்தும். வைத்தியராகப் படித்து ஆய்வுக்கு வந்த மக்கினனுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

★ அந்த வடிவத்தைக் கண்ணால் காண்பதற்கு 46 ஆண்டுகள் முன்பே கணக்கால் கண்டவர்கள் இருவர்: அலன் ஹொட்ஜ்கினும் அண்ட்ரூ ஹக்ஸ்லியும். அவர்கள் எடுத்துக்கொண்டது கணவாயின் நரம்பு நார். அது அரை மில்லிமீற்றர், சிலவேளை அதற்கு மேலும் தடிப்பானது. கம்பியை உள்ளே செலுத்தியே மின்னழுத்தத்தை அளக்கலாம். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி அந்த நேரம் கிடைக்காமல் போனதால், கைப்பிடியைச் சுற்றி இயக்கும் கணக்குப் பொறியில் வாரக்கணக்கில் எண்களைப் போட்டார் ஹக்ஸ்லி. பொட்டாசியத்தின் ஓட்டம் பொருந்த வேண்டுமானால் நான்கு பாகங்கள் ஒன்றாக நகர வேண்டும் என்று 1952இல் அவர்களின் சமன்பாடு சொன்னது. பிற்காலத்தில் புரதத்தைப் பிரித்துப் பார்த்தபோது, உண்மையாகவே நான்கு துண்டுகள் கூடித்தான் ஒரு கால்வாய் ஆகிறது என்று தெரிந்தது. 1963இல் ஜோன் எக்கிள்ஸுடன் சேர்த்து இருவருக்கும் நோபல் பரிசு வந்தது.

★ பழுத்த வாழைப்பழத்தை மொய்க்கும் சின்னஞ்சிறு பழ ஈயும் இந்தக் கதையில் உண்டு. ஈதர் கொடுத்து மயக்கும்போது சில ஈக்கள் மட்டும் அடங்காமல் காலை உதறிக்கொண்டிருந்தன. அவற்றின் பழுதான மரபணுவைத் தேடிப் போனவர்கள் 1987இல் பிடித்ததுதான் முதன்முதலாகப் பிரித்தெடுக்கப்பட்ட பொட்டாசியம் கால்வாய் மரபணு. கலிபோர்னியாவில் லில்லி ஜான், யூ நுங் ஜான் தம்பதியரின் ஆய்வுகூடத்தில் நடந்த வேலை அது.

★ இனித் தேளுக்கு வருவோம். இந்தக் கதவுகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு தேள் தந்தது. தேளின் நஞ்சில் 35, 37 அமினோ அமிலங்கள் அளவே உள்ள குட்டிப் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் சில பொட்டாசியம் கால்வாயின் வாயில் போய் அமர்ந்து வழியை அடைத்துவிடும். 1991இல் மக்கினன், நஞ்சு ஒட்டும் துண்டுகளையும் ஒட்டாத துண்டுகளையும் கலந்து கால்வாய்களை உண்டாக்கி, தேள் நஞ்சை வைத்தே ஒரு கால்வாயில் எத்தனை துண்டு என்று எண்ணினார். விடை நான்கு.

இந்த நஞ்சுகளில் ஒன்று நம் பக்கத்துத் தேளுடையது. 1798இல் ஃபப்ரீசியஸ் 'தமுலஸ்' என்று பெயர் வைத்த இந்தியச் செந்தேளின் நஞ்சிலிருந்துதான் 1990இல் ஐபீரியோடொக்சின் பிரித்தெடுக்கப்பட்டது. 2001இல் தமுலஸ்டொக்சின் என்ற இன்னொன்று. இரண்டும் பொட்டாசியம் கால்வாய்களை அடைப்பவை. ஐபீரியோடொக்சின் இன்று உலகெங்கும் ஆய்வுகூடங்களில் அன்றாடம் பயன்படுகிறது.

அதே செந்தேள் யாழ்ப்பாணக் குடாநாட்டில் இருக்கிறது. அங்கே கொட்டுப்பட்டவர்களை முறையாக ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட குழுவை நடத்தியவர், கம்பளைக்குப் பக்கத்திலேயே உள்ள பேராதனைப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் பேராசிரியர் எஸ்.ஏ.எம். குலரத்ன. யாழ்ப்பாண வைத்தியர்களும் அந்தக் குழுவில் இருந்தார்கள். இந்தத் தேளின் நஞ்சில் ஒரு பகுதி சோடியம் கால்வாயை மூடவிடாது. இன்னொரு பகுதி பொட்டாசியம் கால்வாயைத் திறக்கவிடாது. தொடங்கிய செய்தி முடிய வழியே இல்லை. நரம்பு நுனிகள் ஓயாமல் சுரக்கின்றன. உடம்பு வியர்த்துக் கொட்டும், கைகால் சில்லிட்டுப் போகும், இதயம் படபடக்கும். கடுமையானால் நுரையீரலில் நீர் கோக்கும். சிறு பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து அதிகம்.

இதற்கு மருந்து கண்டவர் மகாராஷ்டிரத்தின் மகாட் என்ற சிற்றூரில் வைத்தியம் பார்த்த ஹிம்மத்ராவ் பவஸ்கர். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் பிரசோசின் என்ற சாதாரணக் குளிசை, இந்தத் தேள் கொட்டுக்கு உயிர் காக்கும் மருந்தாகும் என்று 1980களில் காட்டினார். பெரிய ஆய்வுகூடம் எதுவும் அவரிடம் இருக்கவில்லை. கட்டிலருகே இரவிரவாக உட்கார்ந்து நோயாளியைக் கவனித்தவர் அவர். 2022இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

★ கட்டுவிரியன், சிங்களத்தில் கரவலா. அது கடித்தால் பெரும்பாலும் வலியும் இல்லை, வீக்கமும் இல்லை. கட்டுவிரியன் இனத்தின் நஞ்சிலுள்ள பீற்றா-பங்கரோடொக்சினுக்கு இரண்டு பகுதிகள். ஒரு பகுதி நரம்பு நுனியின் பொட்டாசியம் கால்வாயைப் பற்றிக்கொள்கிறது; மற்றப் பகுதி அங்கிருந்தே நுனியை அழிக்கிறது. அழிந்த நுனி திரும்ப வளர நாட்கள் எடுக்கும். அதுவரை மூச்சுவிடும் தசைகள் இயங்காமல் போகலாம். அப்போது செயற்கைச் சுவாசம்தான் கைகொடுக்கும். 1996 முதல் 1998 வரை அநுராதபுரத்தில் கட்டுவிரியன் கடித்த 210 பேரைக் குலரத்ன ஆராய்ந்தார். பெரும்பாலோர் இரவில் தரையில் படுத்திருந்தபோது கடிபட்டவர்கள். தரையில் பாய் போட்டுப் படுப்பவர்கள் நுளம்பு வலையை விரிப்புக்கு அடியில் செருகிக்கொள்வது நல்லது. விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலியும் இமைச் சரிவும் வந்தால், கடித்த தடம் தெரியாவிட்டாலும் வைத்தியசாலைக்குப் போய்விட வேண்டும்.

★ பாதையோரத்துத் தொட்டாற்சுருங்கி இலையைத் தொட்டதும் ஒரு மின் துடிப்பு ஓடுகிறது. இலைக்காம்பின் அடியிலுள்ள கலங்களிலிருந்து பொட்டாசியமும் குளோரைட்டும் வெளியேற, பின்னாலேயே நீரும் வெளியேறுகிறது. கலங்கள் தளர்ந்ததும் இலை மடிகிறது. செடிகளின் மின்துடிப்பை நூறு ஆண்டுகளுக்கு முன்பே அளந்து காட்டியவர் கல்கத்தாவின் ஜகதீஷ் சந்திர போஸ்.

★ தேயிலைக்குப் பொட்டாஷ் போடுவது எதற்கு என்று தோட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்: கொழுந்துக்கு, வேருக்கு, வரட்சியைத் தாங்க. வரட்சியைத் தாங்குவதற்கு ஒரு காரணம், செடிகளின் இலைத்துளைகளைத் திறந்து மூடுவதில் பொட்டாசியத்துக்கு உள்ள பங்கு. துளையைக் காக்கும் கலங்களுக்குள் பொட்டாசியம் நுழைவது மின்னழுத்தத்தால் திறக்கும் கால்வாய் வழியாகத்தான். அந்தக் கால்வாயின் மரபணு 1992இல் கடுகுக் குடும்பத்துச் செடி ஒன்றில் கண்டுபிடிக்கப்பட்டது. பழ ஈயின் மரபணுவுக்கு அது நெருங்கிய உறவு!

★ கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக ஏறி நுவரெலியாவைத் தாண்டினால் ஹக்கல. இன்று பூந்தோட்டம் பார்க்கப் போகிறோம். 1861இல் அது தொடங்கப்பட்டது சிங்கோனா மரத்துக்காக. சிங்கோனாப் பட்டையிலிருந்துதான் மலேரியாவுக்கான கொய்னா கிடைத்தது. கம்பளை சிங்ஹபிட்டியவில் 1820களில் ஜோர்ஜ் பேர்ட் தொடங்கிய கோப்பிப் பயிர் மலைநாடெங்கும் பரவி, 1869இல் கண்ட இலைத்துரு நோயில் அழியத் தொடங்கியபோது, பல தோட்டங்கள் தேயிலைக்கு முன் சிங்கோனாவை நட்டன. 1880களில் இலங்கைப் பட்டை உலகச் சந்தையில் குவிந்து, விலையையே விழுத்திவிட்டது. அந்த மரங்களை நட்டதும் பட்டை உரித்ததும் நம் மக்களின் கைகள். 1934-35 மலேரியாக் கொள்ளைநோயில் இந்த நாட்டில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டபோது கையிலிருந்த மருந்தும் கொய்னாதான்.

இதற்கும் பொட்டாசியத்துக்கும் என்ன தொடர்பு? கொய்னா குடித்தால் தன் இதயத்துடிப்பின் தடுமாற்றம் நின்றுவிடுகிறது என்று ஒரு நோயாளி சொன்னதை, வைத்தியர் காரெல் வெங்கபாக் 1914இல் எழுதி வைத்தார். 1918இல் வால்டர் ஃப்ரே சோதித்துப் பார்த்து, அதே பட்டையிலுள்ள குயினிடின் இன்னும் வலுவானது என்று கண்டார். குயினிடின் இதயக் கலங்களின் பொட்டாசியம் கால்வாய்களையும் அடைக்கிறது. அடைபட்டால் ஒவ்வொரு துடிப்பும் முடியச் சற்றுக் கூடுதல் நேரமெடுக்கும். இதனால் சிலருக்குத் தடுமாற்றம் சரியானது. சிலரோ மருந்து எடுத்தபின் திடீரென்று மயங்கி விழுந்தார்கள். மருந்தும் ஆபத்தும் வந்தது ஒரே கதவால் என்பது பல ஆண்டுகள் கழித்தே விளங்கியது. 2020இல் கொரோனாவுக்கு ஹைட்ரொக்ஸிகுளோரோகுயின் கொடுக்கப்பட்டபோது ஈ.சி.ஜி. பார்க்கச் சொன்னதும் இதே காரணத்தால்தான். மலேரியா முற்றாக ஒழிந்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் 2016இல் இலங்கைக்குச் சான்று தந்துவிட்டது. பட்டை கற்றுத்தந்த பாடம் இன்னும் எல்லா வைத்தியசாலைகளிலும் வேண்டியிருக்கிறது.

★ இதயத்தில் மருந்துகளிடம் எளிதில் மாட்டிக்கொள்ளும் பொட்டாசியம் கால்வாய்க்கு 'ஹெர்க்' என்று பெயர். அதன் துவாரம் அகலமானது. பலவகை மருந்துகள் அதற்குள் போய் அமர்ந்துவிடும். ஒவ்வாமைக்குக் கொடுத்த டெர்ஃபெனடின் அப்படித்தான் 1998இல் அமெரிக்கச் சந்தையை விட்டுப் போனது. 2005 முதல் புதிய மருந்துகளுக்கு ஹெர்க் சோதனை சர்வதேச வழிகாட்டியில் இடம்பெற்றுவிட்டது. நாம் அடிக்கடி வாங்கும் எரித்ரோமைசினும் வாந்திக்குப் போடும் டொம்பெரிடோனும் இந்தக் கால்வாயைத் தொடக்கூடியவைதான். பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகாது. ஏற்கெனவே இதய நோய் உள்ளவர்களும், கடும் வயிற்றோட்டத்தால் உடம்பில் பொட்டாசியம் குறைந்தவர்களும் பார்மசியில் கேட்டு வாங்குவதற்கு முன், எடுத்துக்கொண்டிருக்கும் மற்றக் குளிசைகளையும் காட்ட வேண்டும். வீட்டில் மிஞ்சிய குளிசையை அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதை நிறுத்த வேண்டும்.

★ தசைகள் ஓய்வின்றித் துடிக்கும், வியர்க்கும், தூக்கமே வராது. இப்படி ஒரு நோய் உண்டு. பொட்டாசியம் கால்வாயோடு சேர்ந்திருக்கும் புரதம் ஒன்றை உடம்பின் சொந்த எதிர்ப்புச் சக்தியே தாக்குவதால் வருவது. தமிழ்நாட்டு நரம்பியல் வைத்தியர்கள் இதைப்போலவே தோன்றிய நோயாளிகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அவர்கள் அங்கீகாரமில்லாத இடங்களில் சித்த மருந்து என்று வாங்கிச் சாப்பிட்டவர்கள். உடம்பில் சேர்ந்திருந்தது பாதரசம். சித்த வைத்தியத்தைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. பெயரும் முகவரியும் இல்லாத பொட்டலத்தை யார் தந்தாலும் வாங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

★ சீனி வருத்தத்துக்கான கிளிபென்கிளமைட் குளிசையும் பொட்டாசியம் கால்வாயை மூடித்தான் இன்சுலினைச் சுரக்க வைக்கிறது. அது மின்னழுத்தத்தால் திறக்கும் கால்வாய் இல்லை, அதன் உறவு. பிறந்த சில மாதங்களிலேயே சீனி வருத்தம் வந்த பிள்ளைகளில் சிலருக்கு இந்தக் கால்வாயின் மரபணுவில் கோளாறு என்று 2004இல் தெரிந்தபின், இன்சுலின் ஊசியிலிருந்து குளிசைக்கு மாறியவர்கள் பலர்.

★ பறவைகளை விரட்டப் பயன்பட்ட 4-அமினோபிரிடின் என்ற இரசாயனம், பொட்டாசியம் கால்வாயை அடைத்து, உறை உரிந்த நரம்பிலும் செய்தியை ஓட வைக்கும். மல்டிபிள் ஸ்க்லெரோசிஸ் நோயாளிகளின் நடை சீராக 2010இல் அமெரிக்கா அதை மருந்தாக ஏற்றது.

★ கடைசியாக, பெற்றோரும் ஆசிரியரும் நிதானமாகப் படிக்க வேண்டியது. 1957இல் நோர்வேயின் ஜெர்வெல், லாங்கே-நீல்சன் என்ற இரு வைத்தியர்கள் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். ஆறு பிள்ளைகளில் நால்வருக்குப் பிறவியிலேயே காது கேளாது. அந்த நால்வரும் அடிக்கடி மயங்கி விழுந்தார்கள். அவர்களில் மூவர் சிறு வயதிலேயே திடீரென்று இறந்துபோனார்கள். ஈ.சி.ஜி.யில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: ஒவ்வொரு துடிப்பும் முடிய அளவுக்கு மீறிய நேரம் எடுத்தது.

காதுக்கும் இதயத்துக்கும் ஒரே பொட்டாசியம் கால்வாய் வேலை செய்கிறது. உட்காதின் ஒரு திரவத்தில் பொட்டாசியம் மிக அதிகமாக இருக்க வேண்டும். அதை அங்கே கொண்டு சேர்ப்பது இந்தக் கால்வாய். இதயத்தில் துடிப்பை முடித்து வைப்பதும் இதுதான், முக்கியமாக ஓடும்போதும் பதறும்போதும். தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால் பிள்ளைக்குக் காதும் கேளாது, இதயமும் ஆபத்தில் இருக்கும். அத்தை மகன், மாமன் மகள் என்று சொந்தத்தில் மணம் முடிக்கும் நம் குடும்பங்களில், இப்படி இருபக்கமும் வந்து சேரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். ஒரு பக்கம் மட்டும் வந்தால் காது நன்றாகக் கேட்கும். ஆனால் நீந்தும்போதோ ஓடும்போதோ மயங்கி விழலாம். மகாவலியில் குளிக்கப் போன இடத்தில் நீச்சல் தெரிந்த பிள்ளையே திடீரென்று மூழ்கினால், இதையும் யோசிக்க வேண்டும். ஹெர்க் பழுதான இன்னொரு வகையில் எலாம் மணி, தொலைபேசி மணி போன்ற திடீர்ச் சத்தமே மயக்கத்தைக் கொண்டுவரும்.

இந்த மயக்கத்தோடு கைகால் இழுப்பும் வருவதால், 'வலிப்பு' என்று நினைத்து வருடக்கணக்கில் வலிப்புக் குளிசை கொடுத்துவிடுகிறார்கள். பேய், காற்று என்று நூல் கட்டியும் காலம் போகிறது. சரியாகக் கண்டுபிடித்தால் புரப்பிரனலோல் போன்ற மலிவான குளிசையே பலரைக் காப்பாற்றுகிறது. சிலருக்கு மட்டுமே இதயத்துள் கருவி பொருத்த வேண்டிவரும். கண்டுபிடிப்பதற்குத் தேவை ஒரு ஈ.சி.ஜி. அரச வைத்தியசாலையில் அதற்குக் காசு இல்லை, சில நிமிட வேலை. பிறவியிலேயே காது கேளாத பிள்ளை உங்கள் வீட்டிலோ வகுப்பிலோ இருந்தால் ஒருமுறையாவது ஈ.சி.ஜி. எடுத்துவிடுங்கள். ஓடும்போதோ பயந்தோ ஒருதரம் மயங்கி விழுந்திருந்தால், காது கேட்கும் பிள்ளையானாலும் சரி, அடுத்த கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல் மறுநாளே அழைத்துப் போய், "ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள் டொக்டர்" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.